வியாழக்கிழமை வகுப்பு

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் மிஞ்சியிருந்த தையல் ஆலைகளும் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த வருடம் அது. வேலை போலந்துக்கும் சீனாவுக்கும் போய்விட்டது என்றார்கள். அடுத்தடுத்த இயந்திரங்களில் இருந்து, விளையாட்டுக்காரர்களின் சட்டைகளுக்குக் கை பொருத்தியே பாதி வயதைக் கழித்த லானும் மாயும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இருவரும் வியட்நாம்காரிகள், நாற்பதைத் தாண்டியவர்கள். லான் ஒல்லி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். மாய் கட்டை, வாய் ஓயாது.

வயது போனவர்களைப் பராமரிக்கிற வேலைக்குத்தான் இனி ஆள் தேவை, அதற்குப் படியுங்கள் என்று கொம்யூனில், நகரசபைக் கந்தோரில், சொல்லிவிட்டார்கள். படிக்க இருவருக்கும் சம்மதம். ஆனால் அந்தப் படிப்புக்குள் நுழைய ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை இருந்தது. ஒரு பந்தியை வாசித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும். பிறகு பரீட்சகருக்கு முன்னால் இருந்து தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கதைக்கவேண்டும். இருவருக்கும் ஆங்கிலத்தில் தெரிந்தது 'தாங்க் யூ' மட்டும்தான்.

ஹேர்னிங் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்தபின் மண்டபத்தில் கோப்பி குடிப்பார்கள். தமிழர் ஒரு பக்கம், வியட்நாம்காரர் ஒரு பக்கம், போலந்துக்காரர் ஒரு பக்கம் என்று கோப்பையோடு நிற்பார்கள். ஒரு ஞாயிறு லான் தன் பக்கத்தை விட்டு விலகி, தமிழர் பக்கத்தில் நின்ற அருமைநாயகியின் முன்னால் வந்து நின்றாள். டெனிஷ்தான் இருவருக்கும் பொதுமொழி. அந்த மொழியில் எல்லோருக்கும் 'நீ'தான்.

"நீ உன் நாட்டில் இங்கிலிஷ் டீச்சராம். உண்மையா?"

"முந்தி," என்றாள் அருமைநாயகி.

மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் படிப்பித்தவள். இக்காஸ்டுக்கு வந்தபின் முதியோர் இல்லமொன்றில் காலை வேலை. கிழவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக் கொடுப்பாள். புருஷன் அந்தோனிதாசனுக்கு ஊரின் எல்லையில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மகள் சுஜாந்தினி ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படித்தாள். தாய் தமிழில் கேட்பாள், மகள் டெனிஷில் பதில் சொல்லுவாள்.

இலையுதிர் காலத்தில் வகுப்புத் தொடங்கியது. ஒவ்வொரு வியாழனும் பின்னேரம், அருமைநாயகியின் குசினி மேசையில். தேத்தண்ணியும் சீனிப் பலகாரமும் அவளுடையது. சில நாட்களில் மாய் வாழையிலைக்குப் பதிலாக வெள்ளித்தாளில் சுற்றிய சோற்றுக் கட்டிகள் கொண்டுவருவாள். நடுவில் பயறும் பன்றியிறைச்சியும் இருக்கும்.

சொல்லின் கடைசி எழுத்தை இருவருமே விழுங்கினார்கள். 'ரைஸ்' 'ரை' ஆனது, 'லைட்'டும் 'லை' ஆனது. அதைவிடப் பெரிய கரைச்சல் வினைச்சொல்.

"எங்கள் மொழியில் நேற்றுப் போனாலும் போ, நாளைக்குப் போனாலும் போ," என்றாள் மாய். "நேற்று என்று முன்னுக்கு ஒரு சொல் போட்டால் விளங்காதா? வினையையும் ஏன் பிடித்து முறுக்கவேண்டும்?"

"வெள்ளைக்காரனைக் கேள்."

"டெனிஷிலும் முறுக்குகிறார்கள்."

"அவர்களும் வெள்ளைக்காரர்தானே."

அப்படிக் கதையும் பகிடியுமாக நத்தார்ப் பண்டிகை வரைக்கும் போனது. மாரியோடு வன்னிப் போர்ச் செய்தியும் வந்தது.

அருமைநாயகிக்கு ஒரேயொரு தங்கை, விக்ரோரியா. புருஷன் தவராஜா, மகள் ஜெனனி. மன்னாரில் அடம்பனில் இருந்தவர்கள் மடுவுக்கு ஓடினார்கள், பிறகு கிளிநொச்சிக்கு, தருமபுரத்துக்கு, புதுக்குடியிருப்புக்கு. ஒவ்வொரு இடமாகச் சாமான் குறைந்துகொண்டு போனது. தையல் மெசினைக் கிளிநொச்சியில் விட்டார்கள். சைக்கிளைத் தருமபுரத்தில் விட்டார்கள். கடைசியாகக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல்நாள் விக்ரோரியா யாருடையவோ தொலைபேசியில் எடுத்தாள். பின்னால் சனங்களின் சத்தம், காற்று.

"அக்கா, நாங்கள் நிக்கிறம். யோசிக்காதை."

"சாப்பாடு இருக்கோடி?"

"கஞ்சி குடுக்கினம். பிள்ளை குடிக்கிறாள். அத்தான் சுகமே? சுஜா படிக்கிறாளே?"

"எங்களை விடு. நீங்கள் வெளியில வர ஒரு வழியும் இல்லையோ?"

"பாப்பம் அக்கா. கனபேர் லைனில நிக்கினம். வைக்கிறன், என்ன?"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் தொலைக்காட்சி நிற்கவே இல்லை. சுஜாந்தினி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோப்பன்ஹேகன் ஆர்ப்பாட்டத்துக்கு மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போய்த் தொண்டை கட்டித் திரும்பினாள். அந்தோனிதாசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கணினியின் முன்னால் இருந்தான். இறந்தவர்களின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு சேலைக்கரையை, ஒரு காதைத் தேடினான்.

"உந்த வகுப்பைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுமன்," என்றான் மனைவியிடம். "உம்மட முகத்தைப் பாத்தா அதுகளும் படிக்காதுகள்."

"அந்த ரெண்டு மணித்தியாலம்தான் நான் உதைப் பாக்காமல் இருக்கிறன். அதையும் நிப்பாட்டச் சொல்லுறீங்களோ?"

அவன் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வைகாசி நடுப்பகுதியில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். கொழும்பில் வெடி கொளுத்துவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இக்காஸ்டில் அப்போது நல்ல வெயில். ஊரைச் சுற்றிக் கடுகு வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு டெனிஷ்காரன் வெளியே இறைச்சி சுட்டுக்கொண்டு, "அருமையான காலநிலை!" என்று வேலிக்கு மேலால் கை காட்டினான். அந்தோனிதாசனும் கை காட்டினான்.

மாத முடிவில் ஒரு வியாழன், மதிய இடைவேளையில் அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. இலங்கை இலக்கம். பாதி கடித்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு, கார்கள் நிறுத்துகிற இடத்துக்கு ஓடினான்.

"அண்ணை, தவராஜா கதைக்கிறன்."

"தம்பி! எங்க நிக்கிறீர்?"

"செட்டிகுளத்தில, முகாமுக்குள்ள. இது வேற ஆளின்ர போன், கனக்கக் கதைக்கேலாது. நானும் பிள்ளையும் நிக்கிறம்."

மூன்றாவது பெயருக்காக அந்தோனிதாசன் காத்து நின்றான்.

"அவ இல்லை அண்ணை."

சரக்கு வாகனமொன்று பின்பக்கமாக வந்து 'பீப் பீப்' என்றது. அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டான்.

"எப்ப தம்பி?"

"நாள் தெரியாதண்ணை. அங்க நாளும் கிழமையும் எங்க? உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு கொஞ்சம். கஞ்சிக்கு நிண்ட இடத்தில ஷெல் விழுந்தது. பங்கருக்குப் பக்கத்திலயே தாட்டனாங்கள்... அக்காவுக்கு நீங்கள்தான் பக்குவமாச் சொல்லவேணும். என்னால ஏலாது அண்ணை."

மேற்பார்வையாளரிடம் தலைச்சுற்று என்று சொல்லிவிட்டு அவன் காரை எடுத்தான். வீட்டுக்கு நேரே போகவில்லை. ஊருக்கு வெளியே பைன்மரக் காட்டோரம் நிறுத்தி, சொல்லவேண்டிய வசனத்தை ஆயத்தம் செய்தான். 'அருமை, இஞ்ச வந்து இரும்.' அதற்கு அடுத்த வசனம் வரவில்லை. வழியில் ஏதாவது வாயில் வரும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது பின்னேரம் ஆகிவிட்டது. வாசலில் லானின் சப்பாத்தும் மாயின் சப்பாத்தும் கிடந்தன.

குசினியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நேற்று என்ன செய்தாய் என்று அருமைநாயகி கேட்க, மாய் எழும்பி நின்று, பரீட்சகருக்குச் சொல்வதுபோல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்:

"யெஸ்டர்டே ஐ குக் மை ஹஸ்பண்ட்."

"குக் இல்லை. குக்ட்," என்று அருமைநாயகி அழுத்தித் திருத்தினாள். "யெஸ்டர்டே ஐ குக்ட் மை ஹஸ்பண்ட்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுடைய காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. லான் டெனிஷில் மெதுவாக, "புருஷனைச் சமைத்தாளாம்," என்றதும் அடக்கமுடியாமல் போயிற்று. மாய்க்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "அவன் கிழட்டு இறைச்சி, வேகாது!" என்று அவள் கூவ, மூன்று பெண்களும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். அருமைநாயகிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரித்து எத்தனையோ மாதம்.

கதவடியில் புருஷனைக் கண்டாள். "என்ன, நேரத்தோட வந்திட்டியள்? இஞ்ச இவள் சொன்னதைக் கேட்டனீங்களே?"

"கேட்டனான்," என்றான் அந்தோனிதாசன். முகத்தையும் சிரிக்கிறமாதிரி வைத்துக்கொண்டான். "வேலை குறைவு. அதுதான்."

லான் மட்டும் சிரிப்பை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

வகுப்பு முடிய மழை பிடித்துவிட்டது. இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். மாய் தன் வீட்டு வாசலில் இறங்கினாள். கார் மறுபடி புறப்பட்டதும் லான் கேட்டாள்:

"யார்?"

ஊரில் யாருக்கும் சொல்லாததை அவன் அவளுக்குச் சொன்னான். டெனிஷில் சொல்லும்போது அது வேறு யாருக்கோ நடந்ததுபோல வாயில் வந்தது. "மனைவியின் தங்கை. செத்துவிட்டாள். பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று பார்க்கிறேன். இன்றைக்குத்தான் அவள் சிரித்தாள், நீ பார்த்தாய்தானே."

லான் காரின் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு தம்பி," என்றாள். "நான் முதலில் படகில் வந்தேன். டென்மார்க் கப்பல் ஒன்று எங்களை ஏற்றியது. அவன் பின்னால் வேறு படகில். அந்தப் படகு கடலில் மூழ்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. மலேசியாவில் முகாமில் இருக்கிறான், வருவான் என்றார்கள். நான் ஒவ்வொரு குளிருக்கும் அவனுக்கு ஒரு ஜக்கெட் வாங்கினேன். வளர்ந்திருப்பான் என்று ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி வாங்கினேன்."

அவன் காரை ஓரமாக நிறுத்தினான்.

"கலிபோர்னியாவில் இருக்கிற மாமாதான் சொல்லவேண்டாம் என்று தடுத்தவர். நல்ல மனிதர். அவரோடு இன்றைக்கும் நான் பேசுவதில்லை." லான் கதவைத் திறந்தாள். "பரீட்சை ஒன்றும் பெரிதில்லை. சொல்லு."

அப்படியும் அன்று அவன் சொல்லவில்லை. வெள்ளியும் போயிற்று. அருமைநாயகி வேலைக்குப் போய்வந்தாள். மாயின் கதையை இல்லத்துக் கிழவி ஒருத்திக்குச் சொல்லிச் சிரித்ததாகச் சொன்னாள். முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஏதும் வந்ததோ என்று கேட்டாள்.

சனி காலையில் அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். உறைந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணியில் இளக வைத்துவிட்டு மாவைக் கொத்திக்கொண்டு நின்றவளின் பின்னால் அவன் வந்தான்.

"அருமை, அடுப்பை நிப்பாட்டும்."

அவள் நிறுத்தினாள். திரும்பவில்லை.

"தவராஜா எடுத்தவன். அவனும் பிள்ளையும் முகாமில நிக்கினம்."

கொத்திய மாவைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "தங்கச்சி?"

"இல்லையப்பா."

அவள் அழவில்லை. ஈர மா ஒட்டிய கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"எப்ப எடுத்தவன்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?"

"மத்தியானம்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "வகுப்புக்கு முதலோ?"

அவன் ஓம் என்று தலையாட்டினான்.

"அப்ப நான் சிரிக்கேக்க உங்களுக்குத் தெரியும். கதவுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். என்ர பிள்ளை மாதிரி நான் வளத்த தங்கச்சி செத்துப்போக, நான் மேசையில விழுந்து சிரிக்கிறன். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"கனநாளைக்குப் பிறகு சிரிச்சனீர். எனக்கு வாய் வரேல்லை."

"ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சனான் நான்! வேலை இடத்திலயும் சொல்லிச் சிரிச்சனான்!"

சத்தம் கேட்டுச் சுஜாந்தினி மேலிருந்து இறங்கி வந்தாள். விஷயம் விளங்கியதும் தகப்பனைப் பார்த்து, "ஏன் சொல்லவில்லை, ஃபா?" என்று டெனிஷில் கேட்டாள்.

பின்னேரத்துக்குள் சனம் வந்துவிட்டது. ஹேர்னிங், கிரின்ஸ்டெட் எல்லாம் செய்தி போய், தேத்தண்ணிப் போத்தலும் சோற்றுச் சட்டியுமாக வந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. ஆண்கள் வெளியே நின்றார்கள், பெண்கள் செபமாலை சொன்னார்கள். ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் ஒரு சாவோ, தெரியாத சாவோ இருந்தது. "எங்கட பெரியண்ணையின்ர ஆக்களின்ர சிலமனே இல்லை," என்றாள் கிரின்ஸ்டெட்டிலிருந்து வந்த பவளராணி. "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அக்கா, ஒரு முடிவாவது தெரிஞ்சுது." அருமைநாயகி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

புருஷனோடு மட்டும் அவள் கதைக்கவில்லை. சண்டையும் இல்லை. அவனுக்குச் சாப்பாடு போடுவதை விட்டுவிட்டாள். சட்டிகளை மேசையில் வைப்பாள். தானும் மகளும் சாப்பிட்டதும் எழும்பிவிடுவாள். அவன் பிறகு வந்து ஆறினதைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பான்.

அடுத்த வியாழன் லானும் மாயும் புத்தகம் இல்லாமல் வந்தார்கள். ஒரு பானையில் அரிசிக் கஞ்சி. இஞ்சியும் வெங்காயத் தாளும் போட்டது. மாய் வாசலிலேயே அழத்தொடங்கினாள். தன் புருஷனைப் பற்றிய அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக்கூடாது என்று தலையில் அடித்தாள். அருமைநாயகி அவளை உள்ளே கூட்டிவந்து இருத்தினாள். ஒரு கோப்பைக் கஞ்சி குடித்தாள். பிறகு கேட்டாள்:

"புத்தகம் எங்கே?"

"இன்றைக்கு வேண்டாம்."

"பரீட்சை உனக்காகத் தள்ளிப்போகாது. வாயால் செய்வோம். லான், உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லு."

லான் கையை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினாள். "மை நேம் இஸ் லான். ஐ ஹாவ் டூ டோட்டர்ஸ். ஐ ஹாவ் வன் பிரதர்." நிறுத்தினாள். "பிழையா?"

அருமைநாயகி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பரீட்சையில் 'ஹாட்' என்று சொல்லவேண்டும்."

"இங்கே?"

"இங்கே எப்படியும் சொல்லலாம்."

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஃபாதர் இறந்த திகதி கேட்டார். அந்தோனிதாசன் முகாமுக்குச் சொல்லியனுப்பினான். தவராஜாவிடமிருந்து பழைய பதில்தான் வந்தது: நாள் தெரியாது. முகாமில் கூட இருந்தவர்களும் ஆளுக்கொரு நாள் சொன்னார்கள். கடலில் போனவர்களுக்கு உங்கள் ஆட்கள் எப்படிச் செய்வார்கள் என்று அருமைநாயகி லானிடம் கேட்டாள்.

"படகு ஏறின நாள்," என்றாள் லான். "வேறு நாள் எங்களுக்குத் தெரியாது."

அருமைநாயகி நாள் வைக்க மறுத்துவிட்டாள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவானேன் என்றாள். ஃபாதரும் ஒத்துக்கொண்டார். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், திகதி இல்லாமல், பெயரை மட்டும் சொல்லிப் பூசை வைத்தார்கள். ஃபாதர் டெனிஷ் நாக்கால் 'விக்டோரியா' என்றார். காணிக்கை நேரத்தில் வியட்நாம்காரர் தங்கள் பக்கத்திலிருந்து எழும்பிப் பாடினார்கள். அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. மொழி விளங்கவில்லை, ஆனால் தேவதாயிடம் இரக்கம் கேட்கிற பாட்டு என்பது எல்லாருக்கும் விளங்கியது. அருமைநாயகி முக்காட்டுக்குள் கல்லாக இருந்தாள்.

அந்தக் கிழமையே பரீட்சை முடிந்தது. லான் மட்டுமட்டாகத் தேறினாள். மாய் தவறினாள். "வயது போனவர்களுக்குச் சோறு தீத்த இங்கிலிஷ் எதற்கு?" என்று ஏசிவிட்டு, மார்கழியில் மறுபடி எழுதப் பெயர் கொடுத்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், அந்தோனிதாசன் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. அருமைநாயகி எடுத்தாள்.

"அக்கா, தவராஜா."

அதுவரை அவள் அவனோடு கதைக்கவில்லை. அவன்தான் ஒளித்துக்கொண்டு திரிந்தான். "சொல்லும் தம்பி. பிள்ளை எப்பிடி?"

"முகாமுக்குள்ள மரத்துக்குக் கீழ பள்ளிக்கூடம் நடக்குது. போகத் தொடங்கீட்டாள்."

"நல்லது. நீர் சாப்பிடுறனீரே?"

அவன் ஒரேயடியாகச் சொல்லத் தொடங்கினான்.

"அக்கா, அவ உடன போகேல்லை. விடிய விழுந்தது, மத்தியானம் மட்டும் இருந்தவ. வயித்தில காயம். மருந்து ஒண்டும் இல்லை. தண்ணி, தண்ணி எண்டு கேட்டவ. வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுத்தால் செத்துப்போவா எண்டு பக்கத்தில ஒராள் சொன்னார். நான் குடுக்கேல்லை அக்கா. போத்திலுக்குள்ள தண்ணி இருந்தது. அவ போத்திலைப் பாத்துப் பாத்துக் கேட்டவ. நான் குடுக்கேல்லை. எப்பிடியும் சாகிறவவுக்கு ஒரு வாய் தண்ணி..."

அருமைநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே புல் வெட்டுகிற இயந்திரம் இரைந்தது.

"தம்பி, சொல்லுறதைக் கேளும்," என்றாள். குரலைப் பள்ளிக்கூடத்துக் குரலாக்கிக்கொண்டாள். "வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கவே கூடாது. இஞ்ச எங்களுக்கும் அப்பிடித்தான் படிப்பிச்சவை. குடுத்திருந்தா இன்னும் துடிச்சிருப்பாள். நீர் செய்தது சரி. விளங்குதே? சரியாத்தான் செய்தனீர்."

"உண்மையாவோ அக்கா?"

"நான் இந்த வேலைதானே செய்யிறன். எனக்குத் தெரியாதே?"

அவளுக்கு அப்படி ஒன்றும் யாரும் படிப்பிக்கவில்லை. இல்லத்தில் உயிர் போகிற நேரங்களில் அவளுடைய வேலை, கட்டிலருகே இருந்து, உதடு காயவிடாமல் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருப்பது. தங்கள் பெயரையும் மறந்துபோன எத்தனையோ டெனிஷ்காரருக்கு அவள் அதைச் செய்திருக்கிறாள்.

தவராஜா விம்மி விம்மி அழுது ஓயும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்தபின் குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பி முகத்தைக் கழுவினாள்.

புல் இயந்திரம் நின்றது. அந்தோனிதாசன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவளுடைய கண்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஆர் எடுத்தது? தவராஜாவே?"

"ஓம்."

"என்னவாம்?"

அவள் கோப்பை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலம்பினாள். தேவையில்லாமல் இரண்டாந்தரமும் அலம்பினாள்.

"ஒண்டுமில்லை," என்றாள். "பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கீட்டாளாம்."

அவன் அவளையே பார்த்தபடி நின்றான். அவள் கதிரையை இழுத்துவிட்டாள்.

"வந்து இருங்கோ. சாப்பாடு போடுறன்."

அவன் இருந்தான். சோறு போட்டாள், மீன் துண்டு ஒன்றை எடுத்து வைத்தாள், சொதி ஊற்றினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். சொதி காணுமோ என்று கேட்டாள். காணும் என்றான். அவள் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள்.